விழுந்த பிள்ளை எழுந்து நடந்தால் போதுமா? – மூளையதிர்வின் வரலாறும் நம் பள்ளிகளும்



பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும் வாரங்களில் நம் திடல்கள் களைகட்டிவிடும். அந்நாள்களில் சிராய்த்த முழங்காலுக்கு மஞ்சள் மருந்து தடவாத ஆசிரியர் ஒருவரும் இருக்க முடியாது. குருதியைக் கண்டதும் பஞ்சும் மருந்தும் ஓடி வருகின்றன. ஆனால், தலை தரையில் மோதியும் ஒரு துளி குருதி சிந்தாமல், மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வரிசைக்குத் திரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. "ஒன்றுமில்லை, போய் விளையாடு" என்ற சொல்தான் அதற்கு மருந்து. வீட்டிலும் இதே கதைதான். புடைத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள், தைலம் பூசுவார்கள், வெளியே வீங்கிவிட்டால் நல்லது, உள்ளே போகவில்லை என்று பாட்டி ஆறுதல் சொல்வார். மேலே எழும் வீக்கத்தைக் கொண்டு உள்ளே மூளைக்கு நேர்ந்ததை அளக்க முடியாது.

மூளையதிர்வு என்று நான் இங்கே குறிப்பிடுவது, மருத்துவர்கள் 'கன்கஷன்' என்று அழைக்கும் நிலையை. தலையிலோ உடலிலோ விழுந்த அடியின் விசையால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கி, அதன் செயற்பாடு சில நாள்களோ சில வாரங்களோ பிறழ்ந்து நிற்கிறது. மயக்கம் வந்தால்தான் மூளையதிர்வு என்பது தவறான எண்ணம். பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, வெளிச்சத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாமை, மறதி, காரணமில்லாத எரிச்சல், மந்தம் ஆகியவற்றால்தான் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. அவற்றுள் சில அடிபட்ட பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும். பள்ளியில் அடிபட்ட பிள்ளைக்கு வீட்டில் அறிகுறி தோன்றுகிறது. வீட்டில் விழுந்த பிள்ளைக்கு வகுப்பறையில் தோன்றுகிறது. பள்ளியும் குடும்பமும் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசாவிட்டால் இந்தக் காயத்தை யாரும் முழுமையாகக் காண்பதில்லை. இதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு இதுதான் மேலும் மேலும் உறுதியாகிறது.

எலும்பு முறியாமல், காயம் வெளித்தெரியாமல், மூளை மட்டும் நிலைகுலையக்கூடும் என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்களுள் பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அர்-ராஸி முதன்மையானவர் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கூறுவர். நம்மவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் கைக்கொண்ட 108 வர்மங்களுள் படுவர்மம் பன்னிரண்டு. உச்சந்தலைக்குரிய கொண்டைக்கொல்லி வர்மமும் அந்த 108-இல் ஒன்று. அடிபட்டவரை இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும் என்று அவர்கள் காலக்கெடு வகுத்து வைத்திருந்தார்கள்; அதன்பின் பத்தியமும் உண்டு. அம்முறைகளின் பயனை அளந்து சொல்வது என் வேலையன்று. குருதி சிந்தாத அடிக்கும் காலக்கெடு உண்டு என்ற எண்ணம் நம் மரபில் இருந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதே மரபில்தான் வாய்ப்பாடு ஒப்பிக்காத பிள்ளையின் தலையில் குட்டும் வழக்கமும் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தென்னாட்டில் தற்கால நரம்பு அறுவை மருத்துவம் வேரூன்றியது இந்திய விடுதலைக்குப் பிறகு. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். இவர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயிற்சி பெற்றது தலைக்காய மருத்துவத்திற்கே பெயர்பெற்ற ரோபோத்தமிடம். அதுவரை தலையில் பலத்த அடி என்றால் நம் ஊர்களில் விதியின் பெயரைச் சொல்லிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

வேலூருக்கு 1962-இல் ஒரு புகழ்பெற்ற நோயாளி வந்தார். அவர் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டர். அவ்வாண்டு மார்ச் மாதம் பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவர் தலையைத் தாக்கி மண்டையோடு உடைந்தது. அக்காலத்தில் மட்டையாளர்கள் தலைக்கவசம் அணிவதில்லை. நாள்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவருக்கு உள்ளூர் மருத்துவர்கள் உடனே அறுவை செய்தார்கள். எதிரணித் தலைவர் ஃபிராங்க் வோரல் தம் குருதியைக் கொடுத்தார். பின்னர் வேலூரில் டாக்டர் சாண்டி அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தினார். கான்ட்ராக்டர் மீண்டும் முதல்தர ஆட்டங்களில் ஆடினார். தேசிய அணிக்கு மட்டும் திரும்பவில்லை. அந்தத் தகடு அறுபது ஆண்டுகள் அவரோடு இருந்துவிட்டு, 2022-இல்தான் மும்பையில் அகற்றப்பட்டது.

இதற்கு நேர்மாறானது ராமன் லாம்பாவின் கதை. இந்தியாவுக்காக ஆடிய அவர், 1998 பிப்ரவரி 20ஆம் நாள் டாக்காவில் நடந்த கழக ஆட்டத்தில் மட்டையாளருக்கு மிக அருகில் தடுப்பாட்டம் செய்துகொண்டிருந்தார். ஓவரில் எஞ்சியவை சில பந்துகளே என்பதால் தலைக்கவசம் அணியவில்லை. அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. அவரோ எழுந்தார், தாமாகவே நடந்து உடைமாற்றும் அறைக்குச் சென்றார். சிறிது நேரத்தில் நிலைமை மோசமாகியது. மூளையில் குருதி கட்டியிருந்தது. அறுவை நடந்தும், பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் பிரிந்தது.

ஒருவருக்கு அடி விழுந்ததும் சுற்றியிருந்த அனைவருக்கும் அதன் கடுமை தெரிந்தது. மற்றவருக்கு, நடந்து போனதே அனைவரையும் ஏமாற்றியது. லாம்பாவுக்கு நேர்ந்தது வெறும் மூளையதிர்வு அன்று, குருதிக்கசிவு. ஆயினும் தொடக்கத்தில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும் என்பதால்தான், தலையில் அடிபட்டவரை முதல் ஒரிரு நாள்கள் தனியே விடாமல் கவனிக்கச் சொல்கிறார்கள்.

கவனிப்பது என்றால் எதைக் கவனிப்பது? இதற்கு ஒரு பொதுமொழி 1974-இல் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இரு மருத்துவர்கள், கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றைக் கொண்டு நினைவு நிலையை 3 முதல் 15 வரை எண்ணால் குறிக்கும் முறையை வகுத்தார்கள். அதற்கு முன் 'அரை மயக்கம்', 'லேசான மயக்கம்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதி வந்தார்கள். இப்போது ஒரு சிற்றூர்த் தாதியும் பெருநகர் அறுவை மருத்துவரும் தொலைபேசியில் ஓர் எண்ணைச் சொல்லிப் புரிந்துகொள்ளலாம். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1971-இல், லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. குருதிக்கசிவைக் கண்டறிவதில் அந்த இயந்திரம் பெரும் புரட்சி செய்தது. மூளையதிர்வோ அதிலும் தெரிவதில்லை. 'ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை' என்று சொல்லி மறுநாளே பிள்ளையைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

பள்ளிப் பிள்ளைகளின் மூளையதிர்வைத் தனிப் பொருளாக உலகம் பேசத் தொடங்கியது இந்நூற்றாண்டில்தான். அதற்கு விலையாகச் சில பிள்ளைகள் தம் வாழ்வைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006 அக்டோபரில் சாக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன், பள்ளிக்காக அமெரிக்கக் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தான். இடைவேளைக்குச் சற்று முன் அவன் தலை தரையில் மோதியது. சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் அவசர அறுவைகள் நடந்தன. உயிர் பிழைத்தான், ஆனால் மீண்டும் பேசவே பல மாதங்கள் ஆயின. அவன் பெற்றோர், டாக்டர் ஸ்டான்லி ஹெரிங் முதலியோரோடு சேர்ந்து முயன்றதன் விளைவாக 2009 மே மாதம் அவன் பெயரால் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டம் சொல்வது மூன்றே செய்திகள். ஆண்டுதோறும் பெற்றோரும் மாணவரும் மூளையதிர்வு பற்றிய தாளைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். ஐயம் எழுந்தால் மாணவரை உடனே ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தந்தால் மட்டுமே அவர் ஆட்டத்திற்குத் திரும்பலாம். முதலாவது குடும்பத்தின் பங்கு, இரண்டாவது பள்ளியின் பங்கு, மூன்றாவது மருத்துவத்தின் பங்கு. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டங்கள் வந்துவிட்டன.

கொலராடோ மாநிலத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்றார்கள். 2004-இல் ஜேக் ஸ்னேக்கன்பர்க் என்னும் மாணவன் திடலில் அடிபட்டு இறந்தபின், பள்ளி உளவியலாளர் கேரன் மெக்காவோய் ஒரு வழிகாட்டியை உருவாக்கினார். அதில் பிள்ளையைச் சுற்றி நான்கு குழுக்கள்: குடும்பம், பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர்கள், பள்ளியின் வகுப்பாசிரியர்கள், மருத்துவர்கள். என் மனம் நின்றது அந்த மூன்றாம் குழுவில்தான். பயிற்றுநரும் வகுப்பாசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போகும் என்பதை உணர்ந்தே அவர்களைத் தனித்தனியே பெயரிட்டிருக்கிறார்கள். திடலில் நேற்று மாலை நடந்தது இன்று காலைக் கணிதப் பாடம் நடத்துபவருக்கு எப்படித் தெரியும்?

கனடாவின் ஒட்டாவா நகரத்து ரோவன் ஸ்ட்ரிங்கரின் கதை இதைவிட வருத்தம் தருவது. பதினேழு வயது, பள்ளி ரக்பி அணியின் தலைவி. 2013 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டாள். தலை வலிக்கிறது என்று தோழியரிடம் சொன்னாள். மூளையதிர்வு பற்றி இணையத்தில் தேடியும் பார்த்தாள். பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் அது எட்டவில்லை. மே 8ஆம் நாள் ஆட்டத்தில் விழுந்தவள் நான்கு நாள் கழித்து இறந்தாள். மூளை ஆறுவதற்குள் மீண்டும் விழும் அடி, முதல் அடியை விடப் பன்மடங்கு கொடியது. 2015-இல் நடந்த மரண விசாரணை 49 பரிந்துரைகளை வழங்கியது. 2018-இல் ஒன்டாரியோ மாநிலம் 'ரோவன் சட்டம்' இயற்றியது. அறிகுறி இருந்தது, அதை அறிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

இதற்கிடையே, 2001-இல் வியன்னாவில் தொடங்கி 2022-இல் ஆம்ஸ்டர்டாம் வரை பன்னாட்டு மருத்துவர்கள் ஆறு முறை கூடிப் பொதுக்கருத்துகளை எட்டினார்கள். 2008-இல் சூரிக் நகரில், பிள்ளைகள் அடிபட்ட அதே நாளில் மீண்டும் ஆடவே கூடாது என்று உறுதியாகச் சொன்னார்கள். ஓய்வு பற்றிய கருத்துதான் பெரிதும் மாறியது. ஒரு காலத்தில் இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பதே மருத்துவம் என்றார்கள். 2015-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்விலிருந்த பிள்ளைகளே ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல இயங்கிய பிள்ளைகளைவிட அதிக அறிகுறிகளைக் கூறினார்கள். இன்றைய கருத்து இதுதான்: முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அந்நேரத்தில் கைப்பேசித் திரையைக் குறைத்தல், பின் மெல்ல நடத்தல், சிறிது படித்தல், அறிகுறி கூடாதவரை படிப்படியாக ஏறுதல். முதலில் வகுப்பறை, முழுமையாக வகுப்பறைக்குத் திரும்பி மருத்துவரும் ஒப்புக்கொண்ட பிறகே திடல். பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரங்களுக்குள் நலமடைகிறார்கள்.

இவை அனைத்தும் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளி மாணவரை மனத்திற்கொண்டு எழுந்தவை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறு. 'இப்போது எந்தத் திடலில் இருக்கிறோம், கடைசியாகக் கோல் அடித்தது யார்' என்று நினைவைச் சோதிக்கும் கேள்விகள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்க்கே உரியவை. 8 முதல் 12 வயதினர்க்கென மருத்துவர்கள் தனிச் சோதனை முறை வைத்திருக்கிறார்கள். அதனினும் சிறிய பிள்ளைக்குத் தன் தலைக்குள் நடப்பதைச் சொல்லச் சொற்களே இருப்பதில்லை. அது வயிறு வலிக்கிறது என்னும், அழும், எழுத்து வரியை விட்டு இறங்கும், கலகலப்பானது மேசையில் தலை சாய்க்கும். அந்தப் பிள்ளை இயல்பில் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் மட்டுமே அந்த மாற்றத்தைக் காண முடியும். மருத்துவமனையில் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த அறிவு கிடையாது. ஆண்டு 1 ஆசிரியருக்கும் தாய்க்கும் உண்டு.

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டத்தில் பிறந்தவை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லையெனினும் இங்கும் தோட்டந்தோறும் பள்ளிகள் எழுந்தன. பள்ளிக்கூடம், லயம், மருந்தகம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பிள்ளை விழுந்தால் வாத்தியார் டிரசரிடம் ஆளனுப்புவார். டிரசருக்குப் பிள்ளையின் தகப்பனைத் தெரியும். மாலைக்குள் லயம் முழுவதும் செய்தி பரவிவிடும். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. டிரசர் நிர்வாகத்தின் ஊழியர். அவர் கையில் இருந்த மருந்துகளும் சில. தலைக்காயத்திற்கு அவரால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. ஆனால் செய்தி மட்டும் தங்கு தடையின்றி ஓடியது.

இன்று நிலைமை தலைகீழ். ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவே இருக்கிறது. செய்திதான் ஓடுவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம், பாசிர் கூடாங் என்று சிதறின. 1924-இல் திறப்பு விழா கண்ட ஜொகூர் பாலத்தின் மேல் விடியுமுன்னே எத்தனை மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூருக்கு விரைகின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றுள் நம் பெற்றோர் எத்தனை பேர்! காலை பத்து மணிக்குப் பிள்ளை படிக்கட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பாட வேளை முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகிறார். பள்ளி வேன் ஓட்டுநர் பிள்ளையை ஏற்றிக்கொள்கிறார். பாட்டி சோறூட்டித் தூங்க வைக்கிறார். தாய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது பிள்ளை உறக்கத்தில் இருக்கிறது. அது களைப்பால் வந்த உறக்கமா, வேறெதுவுமா என்று ஐயுறுவதற்கு அவருக்குக் காரணமே இல்லை. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

நம் பள்ளிகளில் நிலையாகப் பணிபுரியும் தாதி இல்லை. சுகாதாரக் குழு ஊசி போடவும் பற்களையும் கண்களையும் பார்க்கவும் வந்து போகிறது. ஆகவே முதல் சில மணி நேரம் நம் பொறுப்பிலேயே இருக்கிறது. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, சிறிது நேரமேனும் நினைவு தப்பினாலோ, கைகால் சோர்ந்தாலோ, கழுத்து வலித்தாலோ, குழப்பமும் அமைதியின்மையும் கூடினாலோ 999-ஐ அழைக்க வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கழுத்து வலிக்கும் பிள்ளையைத் தூக்கி நிறுத்தவும் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால், அன்றைக்கு விளையாட்டை நிறுத்திப் பிள்ளையைக் கண்பார்வையில் வைத்துப் பெற்றோரிடம் நேரடியாகப் பேசி, மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். மருத்துவர் பார்த்தபின் பிள்ளை உறங்கலாம். உறங்கவே விடக்கூடாது என்னும் பழைய அச்சம் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகிறவர்கள் பிள்ளைக்கும் தலைக்கவசம் மாட்டுங்கள். நம் நாட்டில் அதற்குச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1973-ஆம் ஆண்டு விதி அது. ஆனாலும் முன்னே அமர்ந்த தந்தை தலையில் மட்டும் கவசத்தைக் காணும் காலைகள் இன்னும் உண்டு.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் வலியுறுத்திவருவது அரைப்பக்கத் தாள் ஒன்று. எப்போது, எங்கே, எப்படி விழுந்தது. அப்போது யார் பார்த்தது. அதன்பின் பிள்ளை என்ன சொன்னது, என்ன சாப்பிட்டது, வாந்தி எடுத்ததா. எத்தனை மணிக்குப் பெற்றோரிடம் பேசப்பட்டது. இவ்வளவுதான். ஒரு படி பிள்ளையின் பையிலும், ஒரு படம் பெற்றோர் கைப்பேசியிலும், ஒன்று வகுப்பாசிரியரிடமும், ஒன்று விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும். மருத்துவர் அதைப் படித்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வியே வேறாக இருக்கும். தாளின் பின்பக்கம் மருத்துவருக்கு. விடுப்புச் சான்றிதழில் இரண்டு நாள் என்று மட்டும் இருக்கும். மூன்றாம் நாள் பிள்ளை எவ்வளவு நேரம் படிக்கலாம், உடற்கல்விப் பாடத்தில் ஓடலாமா, சோதனை எழுதலாமா என்பதை அவர் அதில் இரண்டு வரி எழுதித் தந்தால் நமக்கு வழி தெரியும். பிள்ளையை அன்று யாரிடம் ஒப்படைத்தோம், வேன் ஓட்டுநரிடமா, பாட்டியிடமா, அவருக்கு எல்லாம் விளக்கிச் சொன்னோமா என்பதற்கும் தாளின் அடியில் ஒரு கோடு விட்டிருக்கிறேன்.